பாப்பா புக்கு வேண்டாம் டீச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிரியருக்கு ஓர் ஆசிரியை எழுதும் கடிதம் இது. சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் விடுமுறையில் பிள்ளைகள் படிக்க என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்புக்கு இன்ன புத்தகம், ஏழாம் வகுப்புக்கு இன்ன புத்தகம், எட்டாம் வகுப்பு என்றால் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும். அதைக் கத்தரித்து ஆசிரியர் அறையில் ஒட்டியும் வைத்திருக்கிறேன், எனவே குறை சொல்லவே பேனாவை எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்கிறீர்களே, அது யார்?

என் ஏழாம் வகுப்பில் 31 பேர். அதில் ஒரு பெண் பள்ளியில் இருக்கும் கதைப் புத்தகம் அத்தனையும் முடித்துவிட்டு, இப்போது கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேர் பாடப்புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள், வாசித்தது என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். ஏழெட்டுப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். நாலு பேருக்குக் கொம்பும் காலும் இன்னும் தகராறு. கெ, கே, கொ, கோ நாலும் அவர்களுக்கு அண்ணன் தம்பி. மீதிப் பேர் இதற்கு நடுவில் எங்கெங்கோ, அதுவும் நாளுக்கொரு இடத்தில். இவர்கள் எல்லாருக்கும் வயது மட்டும் ஒன்றுதான், பன்னிரண்டு பதின்மூன்று. மீசை அரும்ப ஆரம்பித்த பையன்களும் உண்டு. இந்த 31 பேருக்கும் சேர்த்து ‘ஏழாம் வகுப்புக்கு’ என்று ஒரு புத்தகத்தைச் சொன்னால், அது அதிகபட்சம் பத்துப் பேருக்குப் பொருந்தும். மற்ற 21 பேரும் புத்தகம் என்றால் நமக்கு இல்லை போல என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

இதை நான் பெரிய ஞானத்தோடு சொல்லவில்லை, தப்புச் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். அரசின் வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு, பெயரும் அழகாக இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே உற்சாகம். யார் யார் எந்தப் படி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வகுப்பில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். வீட்டில் பத்து ஆடு. எந்த ஆடு எதற்காக இரை எடுக்கவில்லை என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவான், கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் குழாயில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவான். அவன் கையில் பெரிய எழுத்தில், பூனைக்குட்டிப் படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எல்லார் முன்னாலும் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தது எனக்கும் கேட்டது. மறுநாள் காலையில் வந்து மேஜை ஓரத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “பாப்பா புக்கு வேண்டாம் டீச்சர்” என்றான். அதற்கப்புறம் மூன்று மாதம் அவன் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

அவனுக்கு வாசிப்பு இரண்டாம் வகுப்பில் நிற்கலாம், ஆள் இரண்டாம் வகுப்பில் இல்லை. பட்டியல் போடுகிறவர்களும், புத்தகம் வாங்குகிறவர்களும், நானும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எழுத்து எளிதாக இருக்க வேண்டும் என்றதும் விஷயத்தையும் சேர்த்துச் சின்னதாக்கிவிடுகிறோம், விஷயம் பதின்மூன்று வயதுக்கு இருக்க வேண்டும் என்றதும் எழுத்தை மலையாக்கிவிடுகிறோம். பேய், பாம்பு, கபடி, ராக்கெட், திருடன், காதலில் விழுந்த அண்ணன், குடிக்கிற அப்பா, இதெல்லாம் பதின்மூன்று வயதின் சங்கதிகள். இவற்றைச் சின்ன வாக்கியத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? தமிழில் அப்படி எழுதிய புத்தகங்களை விரல் விட்டு எண்ணலாம்.

அந்தப் பையன் கதையை முடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் என் அண்ணன் சேர்த்து வைத்த காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய இருந்தது, முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும். முதலாவது 1972இல், இரண்டாவது 1984இல், இரண்டுமே சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தவை. உங்கள் வாசகர்களில் பாதி மாமாக்களுக்கு இப்போது கண் கலங்கியிருக்கும். பெட்டியை வகுப்பில் ஓர் ஓரமாக வைத்தேன், யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் இரும்புக்கை மாயாவியோடு ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தான். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும் என்பதை எழுத்தைத் தொடாமல் படத்தை வைத்தே பிடித்துவிட்டான். ஆனால் வில்லன் என்ன திட்டம் போடுகிறான் என்பது படத்தில் இல்லை, பேச்சை எழுதும் பலூனுக்குள் பொடி எழுத்தில் இருக்கிறது. அதற்காகக் கூட்ட ஆரம்பித்தான். பக்கத்துக்கு ஒரு பலூன், அப்புறம் இரண்டு. நாலாம் நாள் என்னிடம் வந்து, “உடம்பு மறையுது சரி டீச்சர், சட்டை எப்படி மறையும்?” என்று கேட்டான். ஆறு வருஷப் பள்ளிப் படிப்பில் அவன் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எனக்குப் பதில் தெரியவில்லை, அறிவியல் சாருக்கும் தெரியவில்லை.

காமிக்ஸ் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பலூன் எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, சில சொற்கள் எனக்கே பழையதாகத் தெரிகின்றன. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் யாரும் சிரிக்கவில்லை, கடன் கேட்டார்கள்.

சரி, எளிது எளிது என்கிறோமே, எது எளிது? சின்னச் சொல் எளிது, பெரிய சொல் கடினம் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எங்களிடம் பாம்புகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது, அட்டை பிய்ந்து இரண்டு தடவை பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு விஷப் பாம்புக்கும் படம் உண்டு. ‘எழில்’ என்ற மூன்றெழுத்தில் நின்று தவித்த பிள்ளை அதில் ‘கண்ணாடிவிரியன்’ என்பதை ஒரே மூச்சில் வாசித்தது. ‘கண்ணா’ வரை கூட்டியதும் மீதிச் சொல் வாயிலேயே தயாராக இருக்கிறது. வரப்பில் பார்த்த பாம்பு, ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாது என்று பாட்டி ‘பூச்சி’ என்கிற பாம்பு. காதில் விழுந்த சொல் எவ்வளவு நீளமானாலும் வாசித்துவிடுகிறார்கள். எழில், அகம், அவா எல்லாம் இரண்டு மூன்று எழுத்துதான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் புத்தகம் பார்க்கும்போது நான் இப்போது சொல்லின் நீளத்தைப் பார்ப்பதில்லை, இந்தச் சொல் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கேட்குமா என்று பார்க்கிறேன். இதே காரணத்தால் வேறு வட்டாரப் பேச்சில் எழுதிய உரையாடல்களும் இவர்களைத் தடுக்கி விழ வைக்கின்றன. எழுதியவர் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பார், ஆனால் அது அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு.

அடுத்தது உங்களுக்கே நேராகச் சொல்ல வேண்டிய விஷயம். வரி முடிகிற இடத்தில் சொல் உடைவது. தமிழில் சொற்கள் நீளம், பத்தி குறுகல், அதனால் ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பது ‘ஓடிக்கொண்’ என்று ஒரு வரியிலும் ‘டிருந்தான்’ என்று அடுத்த வரியிலும் போய் நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு சிறு கோடாவது போடுவார்கள், நாம் பெரும்பாலும் அதுவும் போடுவதில்லை. நீங்களும் நானும் கண் ஓடுகிற ஓட்டத்தில் சேர்த்துப் படித்துவிடுகிறோம், உடைந்ததே தெரிவதில்லை. என் மாணவி ஒருத்தி ஆள்காட்டி விரலை வைத்து ஓ... டி... என்று ஆரம்பித்து, கொண் வரை வந்து, மூச்சு விட்டு, அடுத்த வரிக்குப் போய் டி... ரு... ந்... தா... ன் என்று கூட்டி முடித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து, “டிருந்தான்னா யாரு டீச்சர்?” என்றாள். ஆள் பெயர் என்று நினைத்துவிட்டாள். அந்த ஆளைக் கதை முழுக்கத் தேடியும் இருக்கிறாள், அவன் திரும்ப வரவே இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் உங்கள் சிறுவர் பக்கத்தை எடுத்து வைத்து, ஒரே ஒரு கதையில் இப்படி உடைந்த சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். 23 வந்தது. பெரியவர்கள் பக்கத்தில் 200 உடையட்டும், எனக்குக் கவலை இல்லை. சிறுவர் பக்கத்தில் மட்டும் பத்தியைக் கொஞ்சம் அகலமாக்கி, வலது ஓரம் மேடு பள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லை முழுதாக விட முடியாதா? பதிப்பாளர்களிடமும் இதையேதான் கேட்கிறேன். படத்துக்கும் வழவழத் தாளுக்கும் செலவு செய்கிறவர்கள் பெரிய செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்வதில்லை. கண் பார்வை குறைந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவளுக்காக ஒரு கதையை ஏ3 தாளில் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்தேன். அந்தத் தாள்களை அவளைவிட அதிகமாக மற்ற பிள்ளைகள்தான் எடுத்துப் படித்தார்கள். பெரிய எழுத்து என்றால் பாப்பாவுக்கு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் கதை பேய்க்கதை.

புத்தகம் யார் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு வேறு ஒரு கருத்து இருக்கிறது, உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறதே, பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் கொடுத்த ஐம்பது ரூபாய், நூறு ரூபாய், உண்டியலில் சேர்த்த சில்லறை என்று ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருந்தார்கள். இதை வாங்கு அதை வாங்கு என்று சொல்லாமல் என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். பேய்க்கதை 6. விடுகதை 5. ஓவியம் வரையும் புத்தகம் 4. பொது அறிவு 3. தம்பி தங்கைக்கு ரைம்ஸ் புத்தகம் 3, இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. சமையல் குறிப்பு 1, அதை வாங்கியது ஒரு பையன். கோலப் புத்தகம் 2. மீதிப் பேர் ஸ்டிக்கரும் டெல்லி அப்பளமும். தலைவர்கள் வரலாறும் நீதிக்கதையும் பூஜ்யம், அவை நாங்கள் ஆண்டுவிழாவுக்குப் பரிசாகக் கொடுப்பவை.

இந்த நோட்டுப் பக்கம்தான் இப்போது எனக்குப் பட்டியல். முதலில் சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். கோலப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இடைப்புள்ளி, 15 புள்ளி, 8 வரை’ என்று அடியில் ஒரு வரி இருக்கும். அதை ‘நேர்ப்புள்ளி’ என்று தப்பாக வாசித்தால் வாசலில் கோலம் வராது, வேறு யாரும் வந்து திருத்த வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு இதைவிடக் கச்சிதமான வாசிப்புப் பயிற்சியை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் பார்க்கவில்லை. விடுகதைப் புத்தகம் அதைவிட ஒரு படி மேலே. இரண்டு வரிதான். ‘பச்சைப் பெட்டிக்குள் வெள்ளை முத்துகள், அது என்ன?’ பெட்டி, முத்து எல்லாம் தெரிந்த சொற்கள். எட்டே நிமிஷத்தில் கூட்டி வாசித்துவிட்டு, விடையையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளை எழுந்து நேராக வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளிடம் போய்க் கேட்கிறது. அவள் யோசிக்கிறாள், யோசிக்கிறாள், தோற்கிறாள். “வெண்டைக்காய்” என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வாசிப்பில் எப்போதும் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அந்தப் புத்தகம் கையில் இருக்கிற வரைக்கும் வகுப்பில் ராஜாங்கம். அப்புறம் அடுத்த விடுகதைக்கு அவசரமாகப் போகிறது, இந்தத் தடவை எட்டு நிமிஷம் ஆகவில்லை.

பிள்ளைகள் கையில் புத்தகத்தை விட்டால் கிழிப்பார்கள், தொலைப்பார்கள் என்பார்கள். உண்மைதான். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அந்தப் பயத்திலேயே இருந்த புத்தகம் அத்தனையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? பதிவேடு சுத்தமாக இருந்தது, புத்தகத்தை ராமபாணப் பூச்சி மட்டும் படித்துக்கொண்டிருந்தது. இங்கே வந்ததும் இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டேன். அட்டை தெரிகிற மாதிரி தொங்கினால்தான் கை போகிறது, அலமாரியில் முதுகைக் காட்டி நிற்கிற புத்தகம் தமிழில் பாதி நேரம் பெயரே தெரியாது. படிகளை எல்லாம் கலந்துவிட்டேன். எந்தப் படி என்பது எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பின்னட்டைக்கு உள்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. புத்தகத்தை எடுத்தவன் ஒரு பக்கம் வாசித்துப் பார்க்கட்டும், தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும், பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு வேண்டாம், ஒரு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்பது மட்டும் விதி. அதையும் மீறி, ஐந்து விரல் மடங்கிய பாம்புப் புத்தகத்தைத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கொடுத்துவிடுவேன். இரண்டு வருஷத்தில் இருநூறு புத்தகத்தில் 19 காணவில்லை. ஏதோ ஒரு வீட்டில் இருக்கட்டுமே.

மேலே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை, அவர்கள் தானாகப் படித்துக்கொள்வார்கள் என்று நினைப்பு. கடலைக் காகிதம் படிக்கிறவளுக்கு உங்கள் பட்டியலைப் பார்த்துப் பொன்னியின் செல்வன் முதல் பாகம் கொடுத்தேன். நாலு நாளில் கொண்டுவந்து தந்தாள். “வந்தியத்தேவன் சூப்பர் டீச்சர், ஆனா இதுல எங்க வயசுல யாருமே இல்ல” என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நன்றாக வாசிக்கிறாளே என்று அவளை நேராகப் பெரியவர்கள் புத்தகத்துக்கு ஏற்றிவிடுகிறோம், கடைசி பெஞ்ச் பையனுக்குச் செய்ததையே தலைகீழாகச் செய்கிறோம். அவளுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைக் கொடுத்தேன். கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல், 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் வாங்கியது. எங்களுக்குக் கீழடி பக்கத்து ஊர் மாதிரி. அங்கே கிடைத்த பானை ஓட்டில், தமிழின் பழைய எழுத்தான தமிழியில் ‘ஆதன்’ என்று பெயர் கீறியிருக்கிறது என்று வகுப்பில் சொல்லி, கரும்பலகையில் அந்த எழுத்தை வரைந்து காட்டினேன். கொம்பிலும் காலிலும் தகராறு உள்ள நாலு பேரில் ஒருத்தி எழுந்து, “எங்க ஆச்சி எவர்சில்வர் தூக்குல பேரு வெட்டி வச்சிருக்க மாதிரியா டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம், அதே மாதிரிதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் பாத்திரம் காணாமல் போனால் சண்டை வரும் என்ற பயம் மாறவில்லை. அவளால் அந்த நாவலை வாசிக்க முடியாது. ஆனால் அட்டையில் இருந்த ‘ஆதனின்’ என்பதைத் தானாக வாசித்தாள், உள்ளே அந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடி எண்ணினாள், கதையைக் கடலைக் காகிதக்காரி அவளுக்குச் சொன்னாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையை இப்படி எப்போதும் குட்டி டீச்சராக ஆக்கக் கூடாது என்றும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தன்பாட்டுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் வேண்டும். அன்று அவளாகத்தான் சொன்னாள், நான் ஏவவில்லை.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு புத்தகம் வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழி நான் வாசிப்பது. மதியம் முதல் பிரிவேளையில் பத்து நிமிஷம், பாடம் தொடங்கும் முன். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் இந்த 31 பேருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது, சொல்லப்போனால் கடைசி பெஞ்சுதான் கெட்டி. ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக் கதையான ‘டோட்டோ சான்’ இதற்கு நன்றாக அமைந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட மலிவுப் பதிப்பு, இரண்டு மூன்று பக்கத்தில் ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்துவிடும், நேற்று வராதவனுக்கும் இன்றைய கதை புரியும். இந்தக் கடைசி விஷயம் அரசுப் பள்ளியில் எவ்வளவு முக்கியம் என்று பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியாது, வெங்காய அறுவடைக்கும் ஆட்டுக் கிடை மாற்றுவதற்கும் குலதெய்வம் கும்பிடவும் லீவு போடுகிற பிள்ளைகள் இவர்கள். டோட்டோ சானை முதல் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்ட இடம் வந்ததும் மாயாவி ரசிகன், “டீசி குடுத்துட்டாங்களா?” என்றான். மேஜையைத் திறந்து திறந்து மூடியதற்காகவா என்று அவனுக்கு நம்ப முடியவில்லை. ரயில் பெட்டியில் பள்ளிக்கூடம் என்றதும் வகுப்பே எழுந்துவிட்டது. அத்தியாயத்தை வாசித்து முடித்த மறுநாள் புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டால், முன்பு அதைத் தொடாதவர்கள் தொடுகிறார்கள். கதை தெரியும், இனி எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

இன்னும் ஒரு வார்த்தை. பள்ளி நிகழ்ச்சிகளில் ‘ஆயிஷா’வைப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஓயாமல் கேள்வி கேட்கும் மாணவியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய அந்தக் கதையை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன், மூன்று தடவையும் அழுதிருக்கிறேன். ஆனால் அது எங்களை, ஆசிரியர்களை, பிடித்து உலுக்க எழுதியது என்றுதான் எனக்குப் படுகிறது. பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால் கொடுக்கிறவர் படிக்கட்டும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். பேசும் மரப்பாச்சி பொம்மையை வைத்துத் தவறான தொடுதலைப் பற்றிப் பேசுகிற புத்தகம், கண்டிப்பாகப் படிக்க வேண்டியது. அதைத் திருப்பிக் கொடுக்க வருகிற பிள்ளை புத்தகத்தை நீட்டிவிட்டு உடனே போகாமல் நின்றால், மற்ற வேலையை வைத்துவிட்டு உட்கார வேண்டும்.

இப்போது உங்களிடம் கேட்பது. அடுத்த தடவை பட்டியல் போடும்போது வகுப்பை எடுத்துவிடுங்கள். எத்தனை பக்கம், எழுத்து என்ன அளவு, அத்தியாயம் தனித்தனியாக நிற்குமா, யாருக்குப் பிடிக்கும் என்று இரண்டு வரி போடுங்கள். பாம்பு பிடித்தவனுக்கு, சண்டை போடுகிறவளுக்கு, சும்மா படம் பார்க்கிறவனுக்கு. சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு நூறு சொல் ஒதுக்குங்கள். கபடியில் ரெய்டு போகிறவர் ஏன் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, நிலாவில் ஏன் காற்றில்லை, இந்த மாதிரி. சின்ன வாக்கியம், உடையாத சொல், கொஞ்சம் பெரிய எழுத்து. அதற்கு மேல் ‘மெதுவாக வாசிப்போருக்கு’ என்று மட்டும் தலைப்புப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் என் பையன் அதையும் சட்டைக்குள் போட்டுக்கொள்வான்.

கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். எந்தப் பத்தியை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அடுத்த பத்தியை மட்டும் வெட்டாமல் போட்டுவிடுங்கள்.

பழைய காமிக்ஸ், கோகுலம், அம்புலிமாமா, துளிர் என்று பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் வாசகர்கள், சேகரிப்புக்கு வைத்திருப்பதைக் கேட்கவில்லை, ஒரே இதழ் இரண்டு இருந்தால் ஒன்றைப் பக்கத்தில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. தலைமையாசிரியரிடம் கொடுக்கும்போது பீரோவில் வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முடிந்தால் ஒரு டஜன் துணிக் கிளிப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
சிவகங்கை மாவட்டம்.